சீசன் முடிந்தால் நல்ல பிள்ளை

எண்பதுகளில் ஓர் ஆடி மாதம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சீசனுக்கு மட்டும் அருவிக்கரையில் மிட்டாய்க்கடை போடுகிறவள் என்று பேச்சில் தெரிந்தது.

“போன வருசம் வரைக்கும் எம்புள்ள சீசன் முடிஞ்சாத்தான் நல்ல புள்ளக்கா,” என்றாள் அவள்.

“அது என்னட்டி, அருவியில தண்ணி விழுந்தாத்தான் அவனுக்குக் கிறுக்கு பிடிக்குமா?”

“நானும் காத்துக்கருப்புன்னுதான் மந்திரிச்சேன். போன சீசன்ல குளிக்க வந்தவங்க மேல கல்ல விட்டெறிஞ்சான். கம்பியக் காய்ச்சிக் கால்ல சூடு போட்டுட்டேன்.”

“அடிப் பாவி! ஏழு வயசுப் புள்ளைக்கா?”

“பெறகுதான் புண்ணுக்கு மருந்து போட்ட டாக்டர் கேட்டாரு, என்ன திங்கான்னு. கடையில உடைஞ்ச மிட்டாயெல்லாம் அவன் கையிலதான குடுப்பேன். அந்தக் கலர்ப்பொடி சில புள்ளைகளுக்கு ஒத்துக்காதாம். நிறுத்திப் பாருன்னாரு.”

“நிறுத்தினியா?”

“நிறுத்திட்டேன். இந்த சீசன்ல ஒரு வம்பும் இல்ல.”

“பெறகு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?”

இளையவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“‘இன்னைக்கு நான் சேட்டை ஒண்ணும் பண்ணலைல்லாம்மா’ன்னு கேட்டுட்டுத்தான்க்கா சோத்துல கை வைக்கான்.”