நல்ல பையன்தானுங்க

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அந்தோணிராஜ் சார். குறையாகச் சொல்லவில்லை. விசாரணைக்கு என்று வரச்சொல்லிவிட்டு முதலில் காப்பி கொடுக்கிற அபார்ட்மென்ட் செயலாளர் நம் சரவணம்பட்டியில்தான் இருப்பார். நீங்கள் கேட்டதை மறைக்காமல் சொல்கிறேன். செஸ் ஆடுகிறவனுக்கு மறைக்க வராது. பலகையில் எல்லாக் காயும் வெளிச்சத்தில்தானே நிற்கிறது.

பம்ப்செட் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே குடிவந்தபோது எனக்குப் பொழுது போகவில்லை. வாக்கிங் போனால் எல்லோரும் தங்கள் சர்க்கரை அளவைச் சொன்னார்கள். கிளப் ஹவுசில் ஒரு செஸ் பலகை கிடந்தது. கறுப்பு யானை ஒன்று தொலைந்துபோய், அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் மூடியை வைத்திருந்தார்கள். அந்த மூடியை என் யானையாக நான் மதித்து ஏற்றுக்கொண்ட அன்றைக்குத்தான் லட்சுமணசாமி என்கிற சதுரங்க வீரன் பிறந்தான். ஊருக்கு அது தெரியவில்லை.

எதையும் அரைகுறையாகச் செய்வது என் வழக்கமில்லை. புத்தகங்கள் வரவழைத்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் கோட்டு போட்டுக்கொண்டு ஆடிய பெரியவர்களின் ஆட்டங்கள். விடிவதற்குள் எழுந்து, பக்கத்தை ஒரு அட்டையால் மூடிக்கொண்டு, அடுத்து அவர் எந்தக் காயை நகர்த்தியிருப்பார் என்று யூகிப்பேன். யூகம் தப்பினால் அந்தப் பெரியவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்பேன். தினமும் நிறைய மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. மதியத் தயிர்சாதம் மூளையை மந்தமாக்கும் என்று நிறுத்தினேன். பாதாம் ஊறவைத்துத் தின்றேன். நான் ஆட்டத்தை ஆராயும்போது வீட்டில் மிக்சி ஓடக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

"ஏனுங்க, சட்னி வேணுமா செஸ் வேணுமா, ஒண்ணைச் சொல்லிப்போடுங்க," என்றாள் என் மனைவி மயிலாத்தாள்.

செஸ் என்றேன். அதற்கப்புறம் இட்லிக்குப் பொடிதான். காய்களைப் பலிகொடுக்காமல் எந்தப் பெரியவரும் ஜெயித்ததில்லை. நான் சட்னியைக் கொடுத்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஞாயிற்றுக்கிழமை கீழே போனால், எதிர்வீட்டு மிதுன் வந்து உட்காருவான். ஐடி பார்க்கில் வேலை. ஒரு புத்தகம் புரட்டியதில்லை, பள்ளிக்கூடத்தில் ஆடிய ஆட்டத்தோடு சரி. போனைப் பார்த்துக்கொண்டே என்னைத் தோற்கடிப்பான். அதுகூடப் பரவாயில்லை. முடிந்ததும் காயை அடுக்கிக்கொண்டே ஒன்று சொல்வான்.

"சூப்பரா ஆடுனீங்க அங்கிள். அந்தக் குதிரையை மட்டும் தொடாம இருந்திருந்தா நான் காலிங்க."

தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம், சார். ஜெயித்தவன் கொடுக்கிற ஆறுதல் இருக்கிறதே, அதற்குப் பாதாம் போதாது.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போது சர்ச்சில் பாதிரியாரிடம் கேட்பீர்கள். எங்கள் பக்கம் எதிர்வீட்டில் கேட்பார்கள். ஜாதகம் பொருந்தி, தோட்டம் தொரவு பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு பெண் வீட்டார் நைசாக வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பையன் மோசம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் மரியாதை அதற்கு இடம் கொடுக்காது. அதனால் வருகிறவர்கள் சொல்லைக் காதில் வாங்குவதே இல்லை. சொல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருந்தோம் என்பதைத்தான் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

முதலில் வந்தது பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருக்கிற ஒரு தம்பதி. அன்றைக்குக் காலையில்தான் மிதுனிடம் தோற்றிருந்தேன். "எதிர்த்தாப்புல இருக்கற பையன் எப்படிங்க?" என்று அவர்கள் கேட்டபோது நான் உத்தரத்தைப் பார்த்து அந்தக் குதிரையை வேறு எங்கே வைத்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கே வைத்தாலும் வெட்டுப்பட்டது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "நல்ல பையன்தானுங்க" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அதில் என் மேல் குற்றமில்லை. குதிரையை ஓட்டத் தெரியாதது குற்றமென்றால்தான் உண்டு.

அடுத்த ஞாயிறு மிதுன் தடுமாறினான். ஆட்டம் டிராவில் முடிந்தது. மாடிப்படியில் ஏறும்போதே மயிலாத்தாளைக் கூப்பிட்டு, படிப்பு பலன் கொடுத்துவிட்டது என்றேன். "அந்தப் பையன் மொகமே சரியில்லீங்க, பாவம்," என்றாள் அவள். ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவன் தோற்காத ஆட்டத்தையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஆராய்ந்தேன். என் நகர்வுகள் வழக்கம்போலவே மோசம். அவனுடையவை அதைவிட மோசமாக இருந்தன. ஏன் என்று யோசித்தபோது விடை பவானிக்காரர்கள் பாதியில் வைத்துவிட்டுப் போன மோர் டம்ளரில் இருந்தது.

பெரியவர்களின் ஆட்டங்களில் ஒரு வகை நகர்வு வரும், சார். எதையும் வெட்டாது, ராஜாவுக்கு செக் சொல்லாது. ஒரு காயைச் சும்மா ஒரு கட்டம் ஒதுக்கி வைப்பார்கள். எதிராளி தானாகச் சரிவான். புத்தகத்தில் அதற்கு ஆச்சரியக்குறி போட்டிருப்பார்கள். அதை நான் படித்திருந்தேனே தவிர, ஆடத் தெரியாமல் இருந்தேன்.

இரண்டாவது முறை வந்தவர்கள் திருப்பூர்க்காரர்கள். அன்றைக்கு நான் எந்தக் குதிரையைப் பற்றியும் யோசிக்கவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டேன். அந்த வாரம் முதன்முதலாக ஜெயித்தேன்.

மூன்றாவதுதான் சென்னிமலை பாலுசாமி. பெட்ஷீட் தறி போட்டிருக்கிறார். மகள் லோகப்பிரியா. ஜாதகம் பொருந்தியதும் பிள்ளைகள் இரண்டும் போனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மிதுனே பலகைக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னான். "அவங்களும் செஸ் ஆடுவாங்களாம் அங்கிள். முடிஞ்சிருச்சுன்னா மொத விருந்து உங்க ஊட்லதாங்க." சொல்லிவிட்டு வெட்கத்தில் ஒரு சிப்பாயைக் கீழே தள்ளிவிட்டான். சந்தோஷத்திலும் அவன் என்னை ஜெயித்தான். நம் அபார்ட்மென்ட் சங்கத்துச் செஸ் போட்டியின் இறுதி ஆட்டம் பக்கத்தில் இருந்தது.

அதனால் இதற்கு முன்கூட்டியே பயிற்சி எடுத்தேன். பாலுசாமி கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்தேன். எதிர்வீட்டுக் கதவை ஒரு தடவை பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நல்ல பையன்தானுங்க" என்றேன்.

"எதுனாலும் மனசு உட்டுச் சொல்லுங்க. எங்களுக்கு ஒத்தப் பொண்ணுங்க."

"நானும் பொண்ணைப் பெத்தவனுங்க," என்றேன். "என்னைக் கேக்காதீங்க."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் மகள் நந்திதா ஓசூரில் இருக்கிறாள். கேட்காதீர்கள் என்று நான் சொன்னதும் உண்மை. பாலுசாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம்பட பொண்ணைக் காப்பாத்திப்போட்டீங்க," என்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு நகர்வுக்கு அதற்கு முன்னால் யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

இறுதி ஆட்டத்தை நீங்களே நின்று பார்த்தீர்கள். மிதுன் ராணியைக் காவலில்லாமல் என் முன்னால் வைத்தான். தண்ணீர் பாட்டில் மூடியால் எடுத்தேன். எழுந்து கைகொடுத்து, "நல்லா ஆடுனீங்க அங்கிள்," என்றான். அவ்வளவுதான். குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் ஆட்டம் தேறிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. கோப்பையை டிவி மேல் வைத்தேன். மயிலாத்தாள் மட்டும் அதைத் துடைப்பதில்லை.

அவன் வேலைக்குப் போவதில்லை என்கிறார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு கீழே வருகிறான். அங்கிள் காத்துக்கொண்டிருப்பார் என்று அவன் அம்மாவிடம் சொல்கிறானாம். உண்மைதான், காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நன்றாக ஆடுகிறவர்களோடு ஆடினால்தான் ஆட்டம் வளரும்.

அவன் அம்மா சென்னிமலைக்கே போய்ப் பாலுசாமியை நேரில் கேட்டதும், அவர் எதிர்வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்று சொன்னதும், அந்த அம்மா உங்களிடம் வந்து அழுததும் எனக்கு இப்போதுதான் தெரியும். அந்தப் பெண் வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள், நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறீர்கள். சரி. எழுதிக்கொள்ளுங்கள். கலைத்தது நான்தான். முதலாவது கைதவறி நடந்தது. மற்ற இரண்டும் தெரிந்தே செய்தேன். ஆனால் கோப்பையை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். அது படித்து வாங்கியது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மென்டுகளுக்கு இடையிலான போட்டிக்கு நம் ஆளைத் தேர்ந்தெடுக்க எனக்கும் மிதுனுக்கும் ஆட்டம் வைத்திருக்கிறீர்கள். அதை நான் மறக்கவில்லை என்பதைச் சொல்லிவைக்கிறேன், வேறொன்றுமில்லை.

என் போன் அடிக்கிறது. பாலுசாமிதான். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்கள், எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

"ஏனுங்க, வணக்கமுங்க. மறுக்காவும் கேக்கறேன்னு நெனைக்காதீங்க. புள்ளை சோறு திங்க மாட்டேங்குதுங்க. அந்தப் பையன் எப்படிங்க? நீங்க சொன்னா மறுவார்த்தை இல்லீங்க."

நீங்கள் ஏன் சார் என்னையே அப்படிப் பார்க்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். அவன் நல்ல பையன் என்று இதே வாயால் சொல்லத்தான் போகிறேன். ஒரு நிமிஷம் இருங்கள், கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்.