பீரோவுக்குள் ஒரு பேச்சு

திருவரங்குளத்தில் பஸ் ஏறிய ஓர் அக்கா, முன்சீட்டு டீச்சரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

“எம்மகள லைப்ரரி பீரோவுக்குள்ள ஒக்கார வச்சீங்களாமே டீச்சர்? வகுப்புல வாயத் தொறக்கலைன்னா, அதுக்கு இப்புடியா தண்டன?”

நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன். ஓசிப் படம் யாருக்குக் கசக்கும்?

“ஐயோ, தண்டன இல்லைங்க! பாட்காஸ்டுக்குப் பிள்ளைக குரலப் பதியிறோம். எதிரொலிக்கக் கூடாதுன்னு பீரோவுல பழைய சேலையத் தொங்கவிட்டோம். கதவு தொறந்துதான் இருந்துச்சு.”

“அவ எங்க பேசிருக்கப் போறா?”

“யாரும் பாக்கலைல்ல, கடலைச் செடி புடுங்குறதப் பத்திப் பத்து நிமிசம் விடாமப் பேசுனா. பதிஞ்சதப் பெறகு போட்டுக் காட்டுனதும் வகுப்பே கைதட்டுச்சுங்க.”

டீச்சர் செல்லை நீட்டினார். அக்கா காதில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

“கண்டக்டரே, ஊதாதீங்க! எம்மக பேசுறா.”