யூசிமியின் கணினிக்கு நான் தடவிய பசை

பழைய மடிக்கணினிகள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. புதியவற்றில் பிராசசரைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துத் தொலைக்கிறார்கள். பழையதில் ஒரே திருகு. அரைச்சுற்று சுற்றினால் கையோடு வந்துவிடும். ஹவானாவில் நான் பிழைப்பதே அந்த அரைச்சுற்றில்தான்.

மாடிவீட்டு யூசிமி தன் பதினோரு வருடக் கணினியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். அவள் நர்ஸ். வெளிநாட்டில், மொந்தேவிதேயோ நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு வியாழக்கிழமை வீடியோவில் நேர்காணல். கிடைத்தால், அங்கே அக்கா வீட்டில் வளரும் மகள் லெயானிஸிடம் போய்ச் சேரலாம். பிள்ளையைப் பிரிந்து நாலு வருடம்.

"ரிகோ, இந்தக் கிழவி வியாழக்கிழமை வரைக்கும் உசுரோட இருந்தா போதும்ப்பா."

"கொமரியாவே ஆக்கித் தரேன். நீ போய்க் காப்பி போடு."

ஆக்கியும் தந்தேன். செத்த கணினி ஒன்றிலிருந்து பெரிய பிராசசர், இரண்டு மடங்கு ரேம், எஸ்எஸ்டி. மின்வெட்டு வந்தாலும் தாங்கட்டும் என்று பேட்டரிகூட மாற்றினேன். நான் ஏனோதானோ வேலைக்காரன் இல்லை.

பிராசசருக்கும் அதன் சூட்டை வாங்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே ஒரு பசை தடவ வேண்டும். அது கிடைக்காத நாளில் இங்கே எல்லோரும் பற்பசை தடவுவோம். ஈரம் இருக்கும்வரை அருமையாக வேலை செய்யும். நாலாம் நாள் காய்ந்து பொடியாகிவிடும். பிறகு வீடியோ ஓட்டினால் இருபது நிமிடத்தில் கணினி படுத்துவிடும். என் சொந்தக் கணினியில் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். யூசிமியிடம் ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன்.

நல்ல பசை என் இழுப்பறையில் இருந்தது, பிரிக்காத குழாயாக.

என் நிலைமையையும் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. என் மனைவி, என் தம்பி, டொமினோ ஆடின கூட்டாளிகள் எல்லோரும் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அத்தனை பேருக்கும் கணினியைச் சீராக்கிக் கொடுத்தவன் நான்தான், அதுவும் நல்ல பசை போட்டு. இப்படி ஒரு முட்டாளை எங்கும் பார்க்க முடியாது.

படுத்த படுக்கையான நோயாளியை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று யூசிமி விளக்கிக்கொண்டிருந்தபோது திரை கறுத்துவிட்டதாம். பதினெட்டாவது நிமிடம். கீழே இறங்கி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த நாட்டுல எதுதான் உருப்படியா ஓடுது, ரிகோ?"

இதுதான் எங்கள் ஊரின் வசதி. எது நின்றாலும் பழி நாட்டின் மேல் போகும், ஆளைத் தேடமாட்டார்கள். கணினியைத் திறந்து, தூசியைத் துடைத்து, புதிதாகப் பற்பசை தடவிக் கொடுத்தேன். இலவசமாகத்தான். பிப்ரவரியில் இரண்டாவது நேர்காணல், போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது. மூன்றையும் கெடுத்தவன் நான்தான், மறைக்க ஒன்றுமில்லை.

அம்மா எப்போது வருவாள் என்று லெயானிஸ் இப்போது கேட்பதே இல்லையாம். அதைச் சொல்லி யூசிமி என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன், பொய்யாக இல்லை. பாவம், அவளுக்கென்று இங்கே என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.