பிறைக்கு ஒரு மெமோ

கிருபா: ஒரே ஒரு வார்த்தைதானுங்க நசுருதீண்ணா. காய்ச்சல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு லேத்துக்குப் போயிருங்க.

நசுருதீன்: எனக்குக் காய்ச்சல் இல்லீங்க மேடம்.

கிருபா: இப்ப இல்ல… நேத்து.

நசுருதீன்: நேத்தும் இல்லீங்க. நேத்து எனக்கு நோம்புப் பெருநா.

கிருபா: அது எனக்குத் தெரியாதா… பதினொரு மணிக்குள்ள உங்க பேப்பர் மாடிக்கு வரணும்கறார் மொதலாளி. காய்ச்சல்னு வந்தா ஃபைல்ல போட்டுருவார். வரலீன்னா, சொல்லாம லீவு எடுத்ததுக்கு சஸ்பெண்ட். ஆர்டர் டைப் அடிச்சு இதோ, பர்சனல் ஆபீசர் நான் கையெழுத்துப் போடணும்னு என் மேசை மேலயே கெடக்குது.

நசுருதீன்: சொல்லாமயா? செவ்வாக்கெழம காத்தால கேட்டுக்கே வந்து சொன்னனுங்களே.

கிருபா: செவ்வாக்கெழமை கம்பெனியே லீவுங்ணா. ரம்ஜான் லீவு.

நசுருதீன்: அதத்தானுங்க நானும் கேக்கறேன். ரம்ஜானுக்கு நீங்க வுட்ட லீவுல எனக்கு முப்பதாவது நோம்பு. ரம்ஜான் வந்தது புதன்கெழம.

மாரப்பன்: ஏனுங் அம்மணி, உள்ள வரலாமுங்களா? வந்துட்டேன்.

கிருபா: வாங்க மாரப்பண்ணா. ஃபோர்மேன் நீங்களாவது இவருக்கு எடுத்துச் சொல்லுங்க.

மாரப்பன்: நா என்னத்தச் சொல்றதுங்க. தப்பு பிறை மேல. திங்கக்கெழம பொழுதோட வந்திருக்கோணும், வரல. அதுக்கு ஒரு மெமோ அடிச்சு வுடுங்க.

கிருபா: வெளையாடாதீங்க. தொண்ணூத்தாறுக்கான லீவு லிஸ்ட் டிசம்பர்லயே போட்டு லேபர் ஆபீசுக்குப் போயாச்சு. ரம்ஜான் செவ்வாய்னு போட்டிருக்கு. இனி யாரும் மாத்த முடியாது.

நசுருதீன்: காலண்டரப் பாத்துப் போட்டீங்க. பிறை காலண்டரப் பாத்து வாறதில்லீங்களே. 'பிறை பார்த்து மாறும்'னு பக்கத்துல ஒரு வரி சேருங்கன்னு அன்னைக்கே சொன்னேன். அப்பப் பாத்துக்கலாம்னது யாருங்க?

கிருபா: … நான்தான்.

நசுருதீன்: அதுக்குத்தான் செவ்வாக்கெழம எட்டு மணிக்கு நோம்பு வாயோட வந்து கேட்டுல நின்னேன். இன்னைக்கு என்ற வேலையச் செஞ்சுபோட்டு, நாளைக்கு லீவு எடுத்துக்கறேன்னு. வாட்ச்மேன் கண்ணையா கேட்டைத் தொறக்கல. சரி, வந்தேன்னாவது எழுதுங்கன்னேன்…

மாரப்பன்: எழுதியிருக்கறான் அம்மணி, வாட்ச்மேன் புஸ்தகத்துல. 'நசுருதீன் லீவு நாளில் வேலை கேட்டு வந்தார். பண்டிகை நாளைக்காம். திருப்பி அனுப்பினேன்.' கோழி கெளறுனாப்பல இருந்தாலும் விசயம் அத்தனையும் இருக்குது.

கிருபா: அதையும் மாடில காட்டிட்டேன்.

மாரப்பன்: என்ன சொன்னாரு?

கிருபா: 'இவனுக்கு மாத்துனா நாளைக்கு ஆளுக்கொரு சாமி, ஆளுக்கொரு லீவும்பாங்க. இத்தனை வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல, இவன் ஒருத்தன்தான் கேக்கறான்'னார்.

நசுருதீன்: ஒருத்தரும் கேட்டதில்லியா…

கிருபா: கேக்க மாட்டாங்க. வயித்துவலி, வாந்தி, காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கறாங்க. நீங்களுந்தான் ரெண்டு வருசத்துக்கு முந்தி எழுதுனீங்க.

நசுருதீன்: எழுதினேன்… அந்த வருசமும் பிறை ஒரு நாள் தள்ளிப்போச்சு. ஃபாரத்தோட காப்பிய சட்டைப் பையிலயே வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிட்டேனுங்க. எம்புள்ள ஹிபா எடுத்துப் படிச்சுட்டா. அப்ப ஏழு வயசு.

மாரப்பன்: என்ன சொல்லுச்சு கண்ணு?

நசுருதீன்: 'அத்தா, பெருநா அன்னைக்கு நல்லாத்தான இருந்தீங்க? எனக்குப் பிரியாணி ஊட்டி வுட்டீங்களே'ன்னா. அப்பறம் என்ற நெத்தியத் தொட்டுப் பாத்தா… 'சுடலியே அத்தா'ன்னா. பண்டிகைக்குக் காய்ச்சல்னு பேரு வெச்சுக் குடுத்தது நானுங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனிச் செத்தாலும் அந்த வார்த்தைய எழுத மாட்டேன்.

கிருபா: வேலை போயிருமுங்ணா. பதினோரு வருச வேலை.

நசுருதீன்: போனாப் போவுது. பீளமேட்டுல லேத்துக்கா பஞ்சம்?

மாரப்பன்: வாய்தான் சொல்லுது. நா வந்ததுலேருந்து அந்த டீயக் கையில வெச்சு ஆட்டிட்டிருக்கறான், ஒரு முழுங்கு எறங்கல.

நசுருதீன்: பயமில்லைன்னு நா சொல்லலீங்ணா. எழுத மாட்டேன்னுதான் சொல்றேன்.

கிருபா: பிடிவாதம் புடிச்சா என்னாலயும் ஒண்ணும்…

நசுருதீன்: உங்களுக்கு இது புரியாதுங்க மேடம். உங்க பண்டிகையெல்லாம் லிஸ்ட்டுல இருக்குது. பொய் எழுதி சாமி கும்பிடறது எப்படி இருக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும்?

கிருபா: … இருக்கலாம்.

மாரப்பன்: பேசாம எழுதித் தொலைடான்னு சொல்லத்தான் அம்மணி நானும் வந்தேன். இப்ப வாய் வரமாட்டேங்குது.

கிருபா: ஏன்? நீங்க எழுதறதில்லையா? வருசா வருசம் பங்குனில உங்க கால்ல இரும்பு விழுகுதே?

மாரப்பன்: அது… பம்பு வார்ப்பத் தூக்கறப்ப விழுகறதுதானுங்க.

கிருபா: பண்ணாரியில குண்டம் எறங்கற அன்னைக்காப் பாத்து?

மாரப்பன்: மெதுவா அம்மணி, மெதுவா…

நசுருதீன்: மாரண்ணா… நீங்க ஏனுங்க ஒளிக்கறீங்க? உங்க சாமிக்குத்தான லிஸ்ட்டுல நாலு நாள் இருக்குது.

மாரப்பன்: தீவாளி இருக்குது, ஆயுதபூசை இருக்குது. பண்ணாரியாத்தாளுக்கு எடமில்ல. ஒருக்கா லீவு கேட்டதுக்கு, 'நெருப்புல நடக்கறதெல்லாம் காட்டுச்சனங்க பழக்கம்'னு மாடியில சிரிச்சாங்க. அதோட வுட்டுட்டேன். நீயும் சிரிக்காதடா.

நசுருதீன்: சிரிக்கலீங்ணா.

மாரப்பன்: இருவது வருசமா அவளுக்காகக் கங்கு மேல நடக்கறேன். நடந்துபோட்டு வந்து, மாடிக்குப் பயந்துட்டு இரும்பு விழுந்துதுன்னு எழுதறேன். அவ என்ன நெனைப்பா… அம்மணி, ஒரு ஃபாரம் குடுங்க.

கிருபா: எதுக்கு?

மாரப்பன்: பங்குனி வருதில்ல. இப்பவே எழுதிப்போடறேன். காரணம், குண்டம் எறங்கறது. ஒருத்தன்தான் கேக்கறான்னாரில்ல? ரெண்டாச்சுன்னு சொல்லுங்க.

கிருபா: ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருசந்தான் இருக்குதுங்ணா உங்களுக்கு. யோசிச்சுக்குங்க.

மாரப்பன்: கங்குல நடந்த காலு. மாடிப்படியா சுட்டுரப்போவுது?

நசுருதீன்: எனக்காக வேண்டாமுங்ணா…

மாரப்பன்: உனக்காக எவன் எழுதறான்? தள்ளு அக்கட்ட. பேனாவக் குடு.

கிருபா: நசுருதீண்ணா… நீங்களும் எழுதுங்க.

நசுருதீன்: காய்ச்சல்னு எழுத மாட்டேன்னு…

கிருபா: ரம்ஜான்னு எழுதுங்க. பெரிய எழுத்துல. கீழ, செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தேன், திருப்பி அனுப்பினாங்கன்னும் எழுதுங்க. வாட்ச்மேன் புஸ்தகத்த நான் கூட வெச்சுக் குடுக்கறேன்.

நசுருதீன்: உங்களுக்குத் தொந்தரவு ஆயிருமுங்களே மேடம்.

கிருபா: ஆகட்டும். டிசம்பர்ல அந்த ஒரு வரிய நான் சேத்திருந்தா நீங்க கேட்டுல போய் நின்னிருக்க வேண்டியதில்ல.

மாரப்பன்: அப்ப அந்த சஸ்பெண்ட் ஆர்டரு?

கிருபா: அதுல பர்சனல் ஆபீசர் கையெழுத்து வேணும். நான் போடப்போறதில்ல.

மாரப்பன்: அம்மணி… கோவத்துல பண்ணாதீங்க. சித்தெ உக்காருங்க.

கிருபா: கோவந்தானுங்க. உங்க மேல இல்ல. மணி என்ன?

நசுருதீன்: பத்தே முக்காலுங்க.

கிருபா: குடுங்க ரெண்டையும். நானே மாடிக்குப் போறேன்.

மாரப்பன்: சித்தெ இருங்க… நாங்க குடுத்தது ரெண்டு. கையில மூணு வெச்சிருக்கீங்க?

கிருபா: மூணுதான்.

நசுருதீன்: இன்னொண்ணு யாருதுங்க மேடம்? கேன்டீன் ஆமினா பீவியும் எழுதிக் குடுத்துதா?

மாரப்பன்: அம்மணி எழுத வேண்டியதில்ல. ஆயுதபூசைக்குப் பொட்டு வெச்சுட்டு மொத ஆளா வந்து நிக்கறவங்க. அம்மணிக்கு எல்லாம் லிஸ்ட்டுலயே இருக்குது.

கிருபா: என்னுதுதானுங்ணா. ஏப்ரல் அஞ்சு, பெரிய வெள்ளிக்கெழமை. பன்னண்டுல இருந்து மூணு மணி வரைக்கும் சர்ச்சுல இருப்பேன்… நாலு வருசமா அன்னைக்கு எனக்கு ஒத்தைத் தலைவலி.