ஆயுசு போடுகிறவள்

ஸ்டேஷனில் உட்கார நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள், சார். எங்கள் சர்வீஸ் சென்டரில் இருப்பவற்றுக்கெல்லாம் ஒரு கால் ஆடும்.

வீட்டில் வைத்து ஆக்சிஜன் கொடுக்கும் மெஷினுக்கு, இத்தனை மணி நேரம்தான் ஓடலாம் என்று கணக்கு ஏற்றுவது என் வேலை. கணக்கு தீர்ந்ததும் மெஷின் நின்றுவிடும். உள்ளே ஒன்றும் கெட்டிருக்காது. ஆனாலும் புதிதுதான் வாங்கவேண்டும். இதை நாங்கள் ‘ஆயுசு போடுறது’ என்போம். சேர்ந்த புதிதில் சங்கடமாக இருந்தது. சூப்பர்வைசர்தான் புரியவைத்தார். அந்தக் காலத்திலேயே பல்பு கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசி, ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டி எரியும் பல்பைச் செய்தவருக்கு அபராதம் போட்டார்களாம்.

“பல்பு அணையலன்னா நம்ம வீட்டு அடுப்பு அணைஞ்சிடும்மா,” என்றார். நியாயம்தானே.

நின்றுபோன மெஷின்கள் பழைய சாமான் கிடங்குக்குப் போகும். அங்கே வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்துத்தான் அக்கா என்னை வளர்த்தாள். அந்தப் புகையில் அவள் நுரையீரல் போனது. பிறகு அவளுக்கும் எங்கள் மெஷின்தான். மாமா லாரியில் போனால் திரும்ப நாளாகும். தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் நான்.

கணக்கு தீரும் முன்பே ஒவ்வொரு முறையும் யாருக்கும் தெரியாமல் ஏற்றிவிடுவேன்.

“உன் புண்ணியத்துல எமனே வாசல்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கான்டி,” என்று சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும்.

இனித் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேறாததை ரிப்பேர் பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்கும் மரியாதையில்லை, பார்க்கிறவருக்கும் மரியாதையில்லை. கம்பெனியில் கற்றுக்கொண்டது. அதனால் இந்த முறை கணக்கைக் குறைத்தேன். மாமா ஊரில் இல்லாத நாளாக, நான் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வைத்தேன். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை நிரப்பிவருவதாகச் சொல்லிக் காலையிலேயே எடுத்துப் போய்விட்டேன்.

மதியம் போன் வந்தது.

“ஏய், நின்னுடுச்சுடி. சீக்கிரம் வாடி.”

“பதறாதக்கா. பதறினா இன்னும் மூச்சு வாங்கும். இதோ வரேன்.”

கவுண்டரில் ஆட்கள் காத்திருந்தார்கள். வரிசையில் நிற்பவர்களை விட்டுவிட்டு எழுந்து போவது முறையில்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சாவுச் செய்தி கேட்டு லாரியை விட்டுவிட்டு வந்த மாமா சுவரில் சாய்ந்து அழுதார். பக்கத்து வீட்டுக்காரி அவரைத் தேற்றினாள். “அழாதீங்கண்ணே. அவளுக்கு ஆயுசு அவ்வளவுதான் போட்டிருக்கு.”

நான் ஆமாம் என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது, சார்.