இன்னும் கொஞ்சம் மெதுவா

— படிவத்துல ரெண்டாவது கட்டத்துலயே என் பேர எழுதிக்கங்கம்மா. ஆதரவாளர். முதல் கட்டம் நமக்கு வேண்டாம்.

— முதல் கட்டம் முழு உறுப்பினர் ஐயா. மாற்றுத்திறனாளிகளுக்கு. சங்கத்துல ஓட்டு, உதவி எல்லாம் அவங்களுக்குத்தான். ஆதரவாளருக்கு அதெல்லாம் கிடையாது.

— அதான் சொல்றேன், எனக்கு என்ன கொறச்சல்? கல்லத் தின்னாலும் செரிக்கும். சலூன் வச்சிருக்கேன். முடி வெட்ட வர்றவங்ககிட்ட உங்க சங்கத்தப் பத்தி நாலு வார்த்த சொல்லலாமேன்னு வந்தேன். அவ்வளவுதான்.

— சந்தோஷம். ஆனா தலையக் குனிஞ்சுட்டுப் பேசாதீங்க ஐயா. உங்க வாய் எனக்குத் தெரியணும். எனக்கு ரெண்டு காதும் கேக்காது.

— அடடே! கணீர்னு பேசுறீங்களேம்மா!

— சின்ன வயசுல ஒரு காய்ச்சல்ல போச்சு. பேச்சு மட்டும் தங்கிடுச்சு. அடுத்தவங்க சொல்றத உதட்டப் பாத்துதான் புரிஞ்சுக்குவேன்.

— அப்படியா... கொஞ்சம் மெதுவாப் பேசலாமாம்மா? வெளியில பெஞ்சுல என் மக உக்காந்திருக்கா.

— சங்கத்துல சேர்றது அவங்களுக்குத் தெரியக் கூடாதா?

— சேச்சே, என் விஷயம் ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு கூட்டாளி இருக்கான். என் தொழில்தான் அவனுக்கும். அவன் கதையச் சொல்லணும். இன்னும் கொஞ்சம் மெதுவா.

— இப்ப சரியா ஐயா?

— இன்னும் கொஞ்சம்.

— இப்ப?

— ஆங், இது போதும். நானும் இதே அளவுக்குப் பேசுறேன்.

— சொல்லுங்க. கூட்டாளிக்கு என்ன?

— காது கொஞ்சம் மந்தம். கொஞ்சமென்ன கொஞ்சம்... சுத்தமாவே போயிருச்சு. ஆனா ஒரு பயலுக்குத் தெரியாது. கடையில எதிர்லயே கண்ணாடி இருக்கில்ல? நாற்காலியில உக்காந்திருக்கிறவர் வாய் அதுல தெரியும். பாத்துப் பாத்தே பதில் சொல்லிருவான். இல்லன்னா அவனே ஓயாமப் பேசிட்டிருப்பான். லொடலொடன்னு பேசுறவன்கிட்ட யாரு கேள்வி கேக்கப் போறா?

— கெட்டிக்காரர்தான்.

— என்னத்தக் கெட்டிக்காரன்! ஷேவிங்குக்கு நுரை போட்டா வாய் எங்கம்மா தெரியும்? போன மாசம் ஒரு பெரியவர், 'மீசைய விட்ருப்பா, மீசைய விட்ருப்பா'ன்னு கத்தியிருக்காரு. இவன் பாட்டுக்கு ஒரு பக்கத்த வழிச்சுட்டான். கடையே சிரிச்சுது. கண்ணாடியில பாக்குறான், எல்லாரும் சிரிக்கிறாங்க, எதுக்குன்னு தெரியல. கூடச் சேந்து இவனும் சிரிச்சாம்மா. அந்தப் பெரியவர் மூஞ்சியப் பாத்த பிறகுதான்...

— சொல்லுங்க ஐயா. என்னப் பாத்துச் சொல்லுங்க.

— அதோட ஷேவிங்க விட்டுட்டான். கை நடுங்குதுன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டுத் திரியுறான்.

— வீட்டுலயாவது தெரியுமா?

— ஒரே மக. தானாப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ. ரொம்ப நாள் கழிச்சு வீட்டுக்கு வந்திருக்கா. இவன் பின்கட்டுல கடைத் துண்டுகளத் தொவச்சுட்டு இருந்திருக்கான். முதுகுக்குப் பின்னாடி நின்னு என்னென்னவோ சொல்லியிருக்கா. மன்னிச்சுருப்பான்னு கேட்டாளோ என்னவோ! இவன் திரும்பவே இல்ல. காதுல விழுந்தாத்தானே திரும்ப? அழுதுட்டே போயிட்டா. பக்கத்து வீட்டம்மா வந்து சண்ட போட்ட பிறகுதான் அவ வந்ததே இவனுக்குத் தெரியும்.

— உடனே போய், 'எனக்குக் கேக்கலம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?

— செவிடன்னு பேர் எடுக்கிறதுக்குக் கல்நெஞ்சக்காரன்னு பேர் எடுக்கிறது மேல்னு இருந்துட்டான். வெக்கங்கெட்டவன். இப்ப நெனச்சா நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருக்கும்மா... அவனுக்கு.

— மக இப்பப் பேசுறாங்களா?

— எங்கயாவது போகணும்னா வண்டியில கொண்டுவந்து விடுவா. கடமைக்கு. முகங்கொடுத்து ஒரு பேச்சு கிடையாது.

— இன்னைக்கு வந்த மாதிரியா ஐயா?

— அத விடுங்கம்மா. நான் அவன் கதையத்தானே சொல்லிட்டிருக்கேன்.

— முதல் கட்டத்துல உங்க கூட்டாளி பேர எழுதிக்கட்டுமா?

— வர மாட்டாம்மா அவன். செவிடன்னு ஒரு அட்டையச் சட்டப் பையில வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட கடை தொறப்பான்?

— நான் வச்சிருக்கேனே. இதே மூஞ்சியோடதான் வந்து உக்காந்திருக்கேன்.

— அப்பா.

— நீங்க சின்ன வயசுல இருந்தே பழகிட்டீங்கம்மா. அவன் அம்பது வயசுக்கு மேல எதப் பழகுறது?

— அப்பா!

— மத்ததெல்லாம் கெடக்கட்டும். அவன் மககிட்ட மட்டும் யாராவது போய்ச் சொல்லிட்டாத் தேவல. அதக் கேக்கத்தாம்மா வந்தேன். அவன் வாயால சொல்ல அவனுக்குத் தெம்பு இல்ல.

— ஐயா, திரும்பிப் பாருங்க. கதவுகிட்ட உங்க மக நிக்கிறாங்க.

— ஐயையோ... எப்பம்மா வந்த? எல்லாத்தையும் கேட்டுட்டியா?

— என்னத்தக் கேட்டேன்? ரொம்ப நேரமா இங்கதான் நிக்கிறேன். ரெண்டு பேரும் வாய மட்டும் அசைச்சுட்டு இருக்கீங்க, பொட்டுச் சத்தம் வரல. நானும் கூப்பிடுறேன், கூப்பிடுறேன், நீ திரும்பவே... அப்பா, அன்னைக்குத் துண்டு தொவச்சுட்டு இருந்தப்பவும் உனக்குக் கேக்கவே இல்லையாப்பா?