முதல் துண்டு

ஐயா, தாங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. என் சொந்தப் பேனா சற்றுக் கசியும். இடப்புறம் ஓர் அங்குலம் ஓரம் விட்டு எழுதுகிறேன். கோப்பில் வைத்துத் தைக்கும்போது எழுத்து மறைந்துவிடக் கூடாதல்லவா. கடிதங்களையும் விடைத்தாள் ஓரக் குறிப்புகளையும் தவிர இதற்குமுன் நான் எதுவும் எழுதியவன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் பெயர் ஞானாபரணம். தரங்கம்பாடியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தாவரவியல் ஆசிரியராக இருந்தேன். மனைவி ஃபிளோரா காலமாகிவிட்டார். மகள் லின்சி மஸ்கட்டில் செவிலியாக இருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருந்த ஒரே வேலை பூமிசர்க்கரைச் செடிதான்.

அந்தச் செடியைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தாலும் நின்று பார்க்க மாட்டீர்கள். கடலோர மணல்மேட்டில் பிற புதர்களோடு பின்னிக் கிடக்கும் சாதாரணச் செடி. மண்ணுக்கடியில் கை பருமனுக்கு இனிப்பான கிழங்கு வைக்கும். அது உடம்புக்கு வலு தரும் என்று பெயர் பரவியது. வெளிநாட்டிலிருந்து ஆள் கேட்டு வரத் தொடங்கிய பிறகு, நான்கே ஆண்டுகளில் எங்கள் பக்கத்துப் புதர்க்காடுகளில் அது இல்லாமல் போயிற்று. வயல்களுக்கும் கடலுக்கும் இடையே ஒரு மேட்டுக்காடு மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் சொந்தக்காரர் ராமச்சந்திரன் சென்னையில் குடியேறிவிட்டவர். "செடி வச்சுக்குங்க சார், யார் கேக்கப் போறா" என்று தொலைபேசியில் அனுமதி கொடுத்தார். எஞ்சியிருந்த பதினேழு செடிகளிலிருந்து விதை எடுத்து, எட்டு ஆண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டாக்கினேன்.

நானாக்கினேன் என்று எழுதியது சரியில்லை. சாமிதுரையும் அவர் மனைவி தங்கம்மாளும் சேர்ந்து ஆக்கினார்கள். இருவரும் முன்பு கிழங்கு தோண்டி விற்றுப் பிழைத்தவர்கள். ஐப்பசி மழையில் மூவரும் முழங்காலிட்டு நாற்று ஊன்றுவோம்.

"இவரு குழிக்கு ஒரு சாண் தள்ளி ஊனுறாருங்க சார். கல்யாணத்தன்னிக்கு மாலையையும் இப்படித்தான் என் மாமன் கழுத்துல போடப் பார்த்தாரு" என்பார் தங்கம்மாள்.

"உன் மாமன் கழுத்துதான் நீளம்" என்பார் சாமிதுரை, தலை நிமிராமல்.

நான் சிரித்ததில்லை, ஆனால் அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே சில நாள் வேலையை நீட்டியிருக்கிறேன்.

கிழங்கு தோண்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தோண்டுவதற்கு முதல் நாள் செடிக்கு மஞ்சள் நூல் கட்டி அதனிடம் சம்மதம் கேட்பார்கள். கிழங்கை வெட்டிக்கொண்டு, தலைப்பகுதியை அதே குழியில் புதைப்பார்கள். அது மறுபடி முளைக்கும். தோண்டியவரும் அவர் வீட்டாரும் செடி வைத்தவரும் முதல் துண்டைத் தின்ன வேண்டும். தின்னாமல் அடுத்தவருக்குக் கொடுத்தால் செடியின் சாபம் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதனால்தான் சிவப்பு நூல் தேவைப்பட்டது. கரையானும் காட்டுப்பன்றியும் நாற்றை அழித்ததால், ஆண்டுதோறும் சில வரிசைகளுக்கு வயலில் போடும் குருணைப் பூச்சிமருந்தை வேரடியில் வைப்பேன். மருந்து கிழங்கில் ஏறிவிடும். அடுத்த ஓராண்டுக்கு அதை வாயில் வைக்கக் கூடாது. சாமிதுரைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே மருந்து வைத்த செடிக்கெல்லாம் நான் என் கையால் சிவப்பு நூல் கட்டினேன்; ஓராண்டு முடிந்ததும் நானே அவிழ்ப்பேன். "சிவப்பு இருந்தா சாமியே வந்து சொன்னாலும் தொட மாட்டேன் சார்" என்றார் அவர். எட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட அவர் தொட்டதில்லை.

சென்ற மாதம் கூத்தாநல்லூரிலிருந்து மூஸா என்ற வியாபாரி என் வீட்டுக்கு வந்தார். மலேசியாவில் இருக்கும் உறவினருக்காகக் கிழங்கு கேட்டார். மறுத்தேன். மிகவும் மரியாதையாகப் போய்விட்டார். போகிற வழியில் சாமிதுரை வீட்டு வாசலில் அவருடைய கார் நின்றதைப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மேட்டுக்காட்டில் முப்பத்தோரு குழிகள் இருந்தன. அகலமாக, அக்கறையாகத் தோண்டியிருந்தார்கள். ஒவ்வொரு குழியிலும் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் தலைப்பகுதி இல்லை. விற்பதற்குத் தோண்டுகிறவர்கள்கூடத் தலையை விட்டுவைப்பார்கள். இவர்கள் அதையும் விடவில்லை என்று எண்ணினேன். தாவரவியல் படித்தவன் வேறு விதமாக எண்ணியிருக்க வேண்டும் என்று தாங்கள் சொன்னது நியாயமே.

அன்று மாலை என் வீட்டுக் கொல்லை வழியாகச் சாமிதுரை போனார். கேட்டிருக்கலாம். ஒருவரைத் திருடன் என்று நினைத்து முகத்துக்கு நேரே கேட்பது பண்பாகாது என்று தோன்றியது. "சாப்பிட்டீங்களா சாமிதுரை" என்று மட்டும் கேட்டேன். "ஆச்சுங்க சார், நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார்.

மறுநாள் நான் காட்டுக்குச் சென்று சிவப்பு நூல்களை அவிழ்த்தேன். அவ்வளவுதான். நூல் என்னுடையது, நான் கட்டியது. எந்தச் செடியையும் கிள்ளவில்லை, எந்தப் பொருளையும் யார் உணவிலும் கலக்கவில்லை. அவிழ்த்த நூலையெல்லாம் கண்டாகச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முழுமையாக எழுத வேண்டும் என்று தாங்கள் கேட்டுக்கொண்டதால் இதையும் சேர்க்கிறேன்: நூலை அவிழ்ப்பதற்கு முன் அந்த வரிசைகளுக்கு மறுபடியும் மருந்து வைத்தேன். வழக்கமாகத் தை மாதம் வைப்பது. இந்த முறை சற்று முன்னதாக வைத்தேன். அளவும் சற்றுக் கூடிற்று. மேலே மண்ணை மூடிச் சருகு பரப்பினேன்.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தங்கம்மாள் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஆமணக்கு இலைப் பொட்டலம்.

"உங்க பங்கு சார். இன்னிக்குத் தோண்டும்போது ஒரு கிழங்கு ஒடைஞ்சிடுச்சு. மூணு பேரும் தின்னாத்தான் செடி நம்ம பின்னாடி வருமாம். அவரு அங்கேயே தின்னுட்டாரு. நான் உங்களோட சேர்ந்து தின்னலாம்னு எடுத்தாந்தேன்."

செடி எங்கே வர வேண்டும் என்று கேட்டேன்.

"எங்க கொல்லைக்குத்தான். உங்ககிட்ட சொல்லவேணாம்னாரு, நெஞ்சுவலிக்காரரு தாங்கமாட்டாருன்னு. மேட்டுக்காட்டை ராமச்சந்திரன் சாரு இறால் பண்ணைக்கு வித்துட்டாருங்க. முந்தாநாளு அளவுக்கல்லு நட்டுட்டுப் போயிட்டானுங்க, அடுத்த வாரம் மிஷின் வருதாம். அதான் கிழங்கோட, தலையோட பேத்துக் கொண்டுபோறோம். முப்பத்தொண்ணு வச்சாச்சு, எல்லாம் துளிர்த்திடுச்சு. எங்க பய சிங்கப்பூர் போறதுக்கு அந்தக் கொல்லையை வித்துக் குடுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். இவரு அசையணுமே. சாரோட பிள்ளைங்க இருநூறு இருக்கு, உனக்கு அப்புறம் பார்க்கலாம்னுட்டாரு."

மூஸா வந்தாரே என்றேன்.

"அந்த பாயா? ஒரு கிழங்கு குடுன்னு கேட்டாரு. சாரைக் கேட்டுக்கங்கன்னு டீ குடுத்து அனுப்பிட்டோம்."

ஐயா, விசாரணையில் இந்த இடத்தில் தாங்கள் என்னை மூன்று முறை நிறுத்திக் கேட்டீர்கள். ஆகவே நிதானமாக எழுதுகிறேன். அவர் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது துண்டு இன்னும் இலையில்தான் இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். சொல்வதென்றால் நூலை அவிழ்த்தது பற்றியும் சொல்ல வேண்டும். நூலைப் பற்றிச் சொன்னால் அவர்களை நான் சந்தேகித்தேன் என்பது வெளிப்படும். எட்டு ஆண்டுப் பழக்கம். அந்த அம்மாவின் மனம் எவ்வளவு புண்படும் என்று நினைத்துப் பார்த்தேன். "உட்காருங்கம்மா" என்றேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"நீங்க மொதல்ல எடுங்க சார்."

"ஜெபம் செஞ்சுட்டு எடுத்துக்கறேன், நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

தின்றார். "இந்தத் தடவை கொஞ்சம் காரமா இருக்கு. மண்ணு கோவிச்சுக்கிச்சு போல" என்று சிரித்தார். "அவரு வாய்க்கா மதகுகிட்ட சாக்கோட காத்துக்கிட்டிருப்பாரு" என்று சொல்லி எழுந்து போனார். இலைப் பொட்டலத்தை நான் அடுப்பில் போட்டேன்.

வேதாகமத்தில் அன்றைக்குரிய பகுதியை வாசித்தேன். கடிதம் ஒன்றுக்குப் பதில் எழுதினேன். பத்தரை மணிக்கு மதகுக்குச் சென்றேன். சாமிதுரை கரையில் குப்புறக் கிடந்தார், மூச்சில்லை. தங்கம்மாள் அவர் காலடியில், பக்கவாட்டில். இருவருக்கும் நடுவே ஈரச்சாக்கு. அதில் பதினான்கு செடிகள் இருந்தன.

தங்கம்மாள் அப்போது உயிரோடிருந்தாரா என்று கேட்டீர்கள். கையை அசைத்தார். சாக்கைத்தான் காட்டினார் என்று எனக்குத் தோன்றியது. பூமிசர்க்கரையின் தலைப்பகுதி வெயிலில் அரை நாள் தாங்காது. பொது மருத்துவமனை ஒன்பது கிலோமீட்டர். அவர்கள் கொல்லை கால் மணி நடை. சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் மகன் இல்லை. பதினான்கையும் ஊன்றித் தண்ணீர் விட்டுத் திரும்பும்போது மணி ஒன்றரை. அப்போது கரையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். நானும் நின்றேன். வயலில் மருந்து அடித்த காற்றுப் பட்டிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

சாமிதுரையையும் தங்கம்மாளையும் கொன்றவன் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. சந்தேகத்தில் பிடித்து வைத்திருக்கும் மூஸா அவர்களைத் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்; அவர் நோன்பிருக்கிறார்.

தங்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். கடைசியாக ஊன்றிய பதினான்கும் மருந்து வைத்த வரிசையிலிருந்து வந்தவை. அவர்கள் மகன் அந்தக் கொல்லையில்தான் இருக்கிறான்; அவனுக்கு விவரம் தெரியாது. தாங்கள் வாங்கி வைத்திருக்கும் என் சட்டையின் பையில் சிவப்பு நூல்கண்டு இருக்கிறது. யாரையாவது அனுப்பிக் கட்டச் சொல்லுங்கள். தெரியாமல் ஒருவர் எடுத்துத் தின்றுவிட்டால், என்னால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தது என்ற பெயர் வந்துவிடும். அப்படி ஒரு பெயரை இந்த வயதுவரை நான் வாங்கியதில்லை.